'செட்' என்னும் சின்னச் சொல்

(யூபிலி ஆண்டை முன்னிட்டுப் பங்குக் கூடத்தில் நடந்த கல்வி மாலையில், மாலை வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

யூபிலி மேடையில் பேசுவதற்குப் பெரிய பெரிய பொருள்கள் எத்தனையோ உண்டு. நம் கோவில் எழும்பிய வரலாற்றைப் பேசலாம். அதற்காக முன்னோர் பட்ட பாட்டைப் பேசலாம். அவற்றையெல்லாம் நன்கு பேச வல்லவர்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மாலை வகுப்பு நடத்தும் நாங்களோ ஓர் ஆங்கிலச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. 'செட்' என்பதே அச்சொல். இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிரிக்க வேண்டாம். இச்சொல்லுக்குப் பொருள் கொண்ட விதத்தினால் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நீதிமன்ற வாசலில் தவித்த கதை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் நம் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடியேற்றத்தன்று விடியுமுன் வந்து இறங்குவது மைக்செட். தேர்ப்பவனிக்கு முன்னே முழங்கிச் செல்வது பேண்டுசெட். இரவு நாடகத்தில் அரண்மனையும் சிறைச்சாலையுமாக நிற்பதும் செட். தோட்டத்தில் ஓடுவது பம்ப்செட். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குவது டீசெட். பிள்ளைக்குச் சீருடை இரண்டு செட். ஓட்டலில் செட் தோசை. இளைஞர்கள் "அவன் எங்க செட்டு" என்கிறார்கள். பிடிக்காத வேலையை "இது நமக்குச் செட் ஆகாது" என்று தள்ளுகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் செட்டிங்ஸ்! ஆங்கிலமே தெரியாது என்று சொல்லும் நம் பாட்டிமார்களும் நாளொன்றுக்கு நாலுமுறை இந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதனிடையே நம் சொந்தச் 'செட்டு' ஒன்றும் இருக்கிறது. "கட்டுஞ் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்" என்கிறோமே, அந்தச் செட்டு சிக்கனத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். ஆங்கிலச் 'செட்'டுக்கும் அதற்கும் உறவில்லை. தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதில்லையா? அப்படித்தான்.

இச்சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள் இருக்கும்? பத்து? இருபது? ஆங்கில அகராதிகளிலெல்லாம் பெரியது ஆக்ஸ்போர்டு அகராதி. அதன் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்தச் 'செட்'டுக்கு உரியது. 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள்! ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதப் புகுந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பின்னர் மூன்றாம் பதிப்புக்கான வேலையில் 'ரன்' என்னும் சொல் இதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் உழைத்து அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களை வகுத்ததாக 2011-இல் செய்தி வந்தது. முதலிடம் போனால் போகட்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுப்பதில் செட்டுக்குத்தான் இன்னும் முதலிடம்.

இந்த அகராதி உருவான விதத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்குத் தூணாக நின்றவர் ஜேம்ஸ் மர்ரே. 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்; தாமே படித்துப் பள்ளி ஆசிரியர் ஆனவர். 1879-இல் இப்பணியை ஏற்றபோது பத்து ஆண்டில் முடிந்துவிடும் என்பது கணக்கு. ஐந்தாம் ஆண்டில், 1884-இல், முதற்பகுதி வெளிவந்தபோது 'ஏ' எழுத்துக்குள்ளேயே 'ஆண்ட்' வரைதான் வந்திருந்தது. 'ஆண்ட்' என்றால் எறும்பு. வேலையும் எறும்பு ஊர்ந்த கதைதான். நூல் முழுமை பெற்றது 1928-இல். மர்ரே 1915-இலேயே மறைந்துவிட்டார். நாங்கள் வியப்பது அவருடைய வழிமுறையைக் கண்டு. பண்டிதர்கள் கூடி உட்கார்ந்து 'இதற்கு இதுதான் பொருள்' என்று தீர்ப்பு வழங்கவில்லை. ஊர் மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள்: நீங்கள் படிக்கும் நூலில் ஒரு சொல் எப்படி வருகிறதோ, அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. இலட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கி, சொல் புழங்கிய இடங்களைப் பார்த்துப் பொருள் கண்டார்கள். சொல்லைத் தனியே பிடித்துவைத்து விசாரித்தால் அது வாய் திறவாது. அது யாரோடு வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தால்தான் விவரம் தெரியும்.

சரி, 430 பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டவே வேண்டாம். வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி மரம் கைக்கு வரும்.

ஆங்கிலத்தில் 'சிட்' என்றால் உட்கார், இரு. 'செட்' என்றால் உட்கார வை, இருத்து. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோமே, அதுதான் இது. ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, இரு, இருத்து. பழைய ஆங்கிலத்திலும் இதே வழக்கம் இருந்தது. விழுவது 'ஃபால்', மரத்தை வீழ்த்துவது 'ஃபெல்'. எழுவது 'ரைஸ்', எழுப்புவது 'ரெய்ஸ்'. கிடப்பது 'லை', கிடத்துவது 'லே'. இன்றைய ஆங்கிலேயருக்கே இந்த உறவு மறந்துபோய் 'லை', 'லே' இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கோ இதைச் சொன்னவுடன் விளங்கிவிடுகிறது. எங்கள் வகுப்பில் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

இனி, இருத்துவதற்கு நாம் அன்றாடம் பேசும் சொல் எது? 'வை' என்னும் ஓரெழுத்துச் சொல். அதற்கு எத்தனை பொருள் என்று என்றாவது எண்ணியதுண்டா? பானையை அடுப்பில் வைக்கிறோம், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம், நெற்றியில் பொட்டு வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், கடை வைக்கிறோம், ஆள் மேல் நம்பிக்கை வைக்கிறோம், அழுத பிள்ளையைச் சிரிக்க வைக்கிறோம். இதற்கெல்லாம் நம்மில் எவரும் அகராதியைப் புரட்டியதில்லை. இப்போது ஆங்கிலத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தீ வைப்பதற்கு அவர்கள் சொல்வது செட். எலிக்குப் பொறி வைப்பது செட். சரக்குக்கு விலை வைப்பது செட். கல்யாணத்துக்கு நாள் வைப்பது செட். கடிகாரத்தில் அலாரம் வைப்பது செட். கோழியை அடை வைப்பது செட். வாசலில் கால் வைப்பது செட். ஒன்றின்மேல் மனம் வைப்பதும் செட்! எங்கோ வடகடலோரத்தில் வளர்ந்த மொழியும் தென்கோடியில் வளர்ந்த மொழியும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே இத்தனை இடங்களில் ஒரே வழியில் போயிருக்கின்றன. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, ஆங்கிலம் என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடும் பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

இருத்திய பொருள் அசையாமல் நின்றுவிட்டால் அதற்கும் செட்தான். இங்கே எங்களைவிட நம் கொத்தனார்களே நல்ல ஆசிரியர்கள். "கலவை செட் ஆயிடுச்சு, இனி தொடாதே" என்கிறார்கள். இளகி இருந்தது இறுகி நின்றுவிட்டது என்று அர்த்தம். சாதாரணப் போர்ட்லேண்டு சிமென்டு இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கலந்தவுடன் இறுகிவிடாதிருக்கத்தான் ஆலையிலேயே ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் சுவரின் பலம் போய்விடும். கொத்தனார் ஏன் சத்தம் போடுகிறார் என்று இப்போது புரிகிறதல்லவா? ஆனால் செட் ஆவது வேறு, கெட்டிப்படுவது வேறு. செட் ஆன பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். தயிர் உறைவதும் இந்த வகைச் செட்தான். முறிந்த எலும்பை மருத்துவர் நேர்படுத்திப் பொருத்துவதும் செட். நகை ஆசாரி கல் பதிப்பதும் செட். அச்சகத்தில் எழுத்துக் கோப்பதும் செட். தச்சர் வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்க்கிறாரே, அதற்கும் இதுவே பெயர். பற்கள் சாய்ந்தால்தான் அறுக்கும் வழி சற்று அகலமாகி, வாள் மரத்துக்குள் சிக்காமல் ஓடும். ஆக, இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒரு செட்டுக்குப் பொருள் இருக்கிறது.

சூரியன் மறைவதும் செட்தானே, அது எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்கு 'செட்ல்கங்' என்று ஒரு சொல் உண்டு. தன் இருக்கைக்குப் போதல் என்பது அதன் பொருள். பகலெல்லாம் நடந்த கதிரவன் மாலையில் போய் உட்கார்ந்துவிடுகிறான்! நம் கிராமங்களில் 'பொழுது அடைந்தது' என்பார்கள். கோழி அடைந்தது என்றும் சொல்வார்கள். இரண்டும் தம் இடத்துக்குப் போய் ஒடுங்குகின்றன.

இவ்வளவும் ஒரு வேரிலிருந்து வந்தவை. கூட்டம், தொகுதி என்னும் பொருளில் வரும் செட்டுக்கு வேறொரு பாட்டனாரும் உண்டு. லத்தீனில் 'செக்தா' என்றால் ஒருவரைப் பின்பற்றிச் செல்லும் கூட்டம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது உருவம் தேய்ந்து 'செட்' ஆகி, ஏற்கெனவே அங்கிருந்த செட்டோடு கலந்துவிட்டது. 'பின்செல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது அந்தச் செக்தா. 1960-களின் நடுப்பகுதிவரை லத்தீனில் பூசை கண்ட பெரியவர்களுக்கு, நற்செய்தி வாசிக்குமுன் குருவானவர் 'செக்வென்சியா' என்று தொடங்குவது நினைவிருக்கலாம். அதுவும் அதே வினையின் பிள்ளைதான். தொடர்ந்து வருவது என்று பொருள். "அவன் எங்க செட்டு" என்று நம் பையன் சொல்லும்போது, தன்னை அறியாமலே ரோமாபுரியின் பழம்பொருளைச் சொல்லிவிடுகிறான். மைக்செட், பம்ப்செட், டீசெட் எல்லாம் இந்த வகையே. சேர்ந்தே இருக்க வேண்டிய உருப்படிகளின் கூட்டம். மோட்டாரும் பம்பும் சேர்ந்தால்தான் பம்ப்செட்.

கணக்குப் பாடத்தில் வரும் செட்டுக்குத் தமிழில் 'கணம்' என்று பெயர். ஜெர்மனியில் வாழ்ந்த கான்டர் என்னும் கணித அறிஞர் 1874-இல் வெளியிட்ட கட்டுரையோடு இத்துறை தொடங்கியதாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் கணமும் லேசுப்பட்டதன்று. கூட்டத்துக்கும் கணம், நொடிப்பொழுதுக்கும் கணம். கைப்பந்து விளையாட்டிலோ ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு செட். 25 புள்ளிக்கு ஆடும் ஒரு சுற்று ஒரு செட். அடிப்பவருக்கு வாகாகப் பந்தை மேலே தூக்கிக் கொடுப்பதும் ஒரு செட். நம் இளைஞர் அணியினர் ஒரு நாளாவது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நின்றதுண்டா? இல்லை. களம் அவர்களுக்குப் பொருளைச் சொல்லிவிடுகிறது.

களம் தெரியாத இடத்தில்தான் ஆபத்து. இப்போது அந்தக் கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சிறு விவசாயி ஒருவருக்கு வரப்புத் தகராறு. கீழ் நீதிமன்றத்தில் இவர் பக்கம் தீர்ப்பாயிற்று. எதிராளி மேல்முறையீடு செய்தார். அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரு தீர்ப்பு நகல் வந்தது. வீட்டில் படித்தவன் மகன் ஒருவனே. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குபவன். கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு 'செட் அசைடு' செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. செட் என்றால் வை. அசைடு என்றால் ஒரு பக்கமாக. ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவன் பொருள் சொன்னான். பள்ளிப் பாடத்தில், தாய் வீட்டுச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வைத்தாள் என்னும் இடத்தில் அவன் படித்தது அதுவே. நமக்குச் சாதகமான தீர்ப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள் போலும் என்று தகப்பனார் நிம்மதியாக இருந்துவிட்டார். நீதிமன்ற மொழியில் 'செட் அசைடு' என்றால் தள்ளுபடி, ரத்து! அந்தத் தீர்ப்பு இனி இல்லை என்று பொருள். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக, 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 90 நாள் தவணை. அவர்கள் வக்கீலிடம் காகிதத்தைக் காட்டியபோது நாலு மாதம் கடந்திருந்தது. தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக ஒரு மனு, அதற்கு ஒரு செலவு, அதை நீதிபதி ஏற்பாரா மாட்டாரா என்று அடுத்த மழை வரையில் ஒரு காத்திருப்பு. அந்தப் பையனை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். அவன் படித்ததில் பிழை ஒன்றுமில்லை. அவனுக்கு ஒரு களம் மட்டுமே காட்டப்பட்டிருந்தது.

அதே 'செட் அசைடு' இன்னொருவருக்கு நல்ல சேதியாகவும் வரும். சம்மன் கைக்கு வராததால் நீதிமன்றத்துக்குப் போகாதிருந்தவர்மேல் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளில் மனுப் போடலாம். தீர்ப்பு நாளிலிருந்து அல்லது, சம்மன் முறையாகச் சேராதிருந்தால், சேதி தெரிந்த நாளிலிருந்து கணக்கு. அங்கே செட் அசைடு என்று வந்தால் மூச்சு வரும்.

வங்கிக் காகிதங்களில் இன்னொன்று இருக்கிறது: 'செட் ஆஃப்'. பாடப் புத்தகத்தில் அதற்குப் புறப்படுவது என்று பொருள். பட்டாசு கொளுத்துவதற்கும் அதுவே. கடன் பத்திரத்தில் வந்தாலோ கதை வேறு. கடன் பாக்கி வைத்திருப்பவரின் பெயரில் அதே வங்கியில் வேறு வைப்புத்தொகை இருந்தால், அதிலிருந்து வங்கி பாக்கியை நேர்செய்துகொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். மகள் திருமணத்துக்கென்று போட்டுவைத்த பணம் மாட்டுக் கடனுக்குப் போய்விட்டால், கையெழுத்துப் போட்ட நாளை நினைத்து அழுவதால் என்ன பயன்? வருமான வரிக் கணக்கில் ஒரு வகை நட்டத்தை இன்னொரு வகை வருமானத்தோடு ஈடுகட்டுவதும் செட் ஆஃப்தான். எதிரெதிரே வைத்துக் கழிப்பது என்று நினைவில் கொண்டால் இரண்டும் விளங்கும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு 'செட்பேக்' தெரிந்திருக்கும். எல்லையிலிருந்து விதிப்படி விட வேண்டிய காலி இடம் அது. அதே சொல் செய்தித்தாளில் வந்தால் பின்னடைவு. 'செட் இன்' என்றால் வந்து நிலைகொள்ளத் தொடங்குவது; மழைக்கும் குளிருக்கும் வரும், புண்ணில் சீழ் பிடிப்பதற்கும் வரும். 'செட் ஃப்ரீ' என்பதைப் பாருங்கள்: இருத்துவதைக் குறிக்கும் சொல்லே அங்கே விடுதலை செய்வதாக மாறிவிடுகிறது! 'செட் அவுட்' என்றால் புறப்படு. உட்கார்வதில் பிறந்த சொல்லுக்கு எழுந்து போவது என்றும் பொருள் வந்துவிட்டது. இந்த இடங்களில் நம் 'வை' கைகொடுக்காது. வாலாக ஒட்டிவரும் சின்னச் சொல்லே இங்கு அதிகாரி. முழுச்சொல்லாக எடுத்துப் படிக்க வேண்டும்.

பல பொருள் ஒரு சொல் என்பது ஏதோ ஆங்கிலத்தின் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியர் 'கடி' என்னும் ஒரு சொல்லுக்குக் காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளை வரிசையாகச் சொல்லி, அதன்மேலும் கூட்டுகிறார். இன்று நமக்கு நாய் கடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது! பழைய நிகண்டுகளில் ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி என்று தனிப்பகுதியே வைத்தார்கள். பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர் தமிழ் கற்றபோது இந்தக் கடலில்தான் நீந்தினார். அவர் 1732-இல் சதுரகராதி செய்தார். அதன் முதற்பகுதியான பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தந்தார். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தந்தார். நிகண்டு போலச் செய்யுளில் கட்டாமல், எவரும் தேடி எடுக்கும்படி அகர வரிசையில் அடுக்கினார். வேற்று மொழிக்காரர் ஒருவர் நம் சொற்களின் பல முகங்களை இப்படிப் பிரித்தறிந்தார் என்றால், அவர் ஊராரைக் கேட்டுக் கேட்டு நடந்திருக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குள் தனியே உட்கார்ந்து வருகிற அறிவன்று அது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்று வந்தால், "எந்த வாக்கியத்தில் வந்தது, படி பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதைக் கேட்கலாம். வாக்கியத்தைத் தமிழில் சொல்ல முயலும்போதே பாதி வெளிச்சம் பிள்ளைக்கே வந்துவிடும். 'செட் என்றால் தொகுதி, தொகுதி, தொகுதி' என்று நூறு தரம் எழுத வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று அதில் பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு அதை மறக்கச் செய்யத்தான் எங்களுக்குப் பாடு அதிகம். கைப்பேசியில் மொழிபெயர்ப்புப் பார்க்கும் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறோம். ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அது பத்தில் ஒன்றை எடுத்து நீட்டும். வாக்கியம் முழுவதையும் கொடுத்தால் கொஞ்சம் தேறும். கோர்ட்டு, வங்கி, ஆஸ்பத்திரிக் காகிதங்களை மட்டும் அதையே நம்பி மடித்து வைத்துவிடாதீர்கள்.

மர்ரே செய்ததை நம் பங்கிலும் சிறிய அளவில் செய்து பார்க்க எண்ணியிருக்கிறோம். கூடத்தின் வாசலில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, ஒரு மரப்பெட்டி இருக்கும். வேலைத்தலத்திலோ, மருந்துப் பெட்டியின் மேலோ, விண்ணப்பப் படிவத்திலோ புரியாத ஆங்கிலச் சொல்லைக் கண்டால், அந்த வரி முழுவதையும் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பெயர் போட வேண்டியதில்லை. உங்கள் தொழிலில் வழங்கும் சொல்லையும் நீங்கள் கொள்ளும் பொருளோடு எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. வியாழன் தோறும் மாலை செபமாலை முடிந்த பிறகு சீட்டுகளைப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுவோம். கொத்தனார், தச்சர், நர்சம்மா, வங்கியில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்தவர்கள் எவரும் அன்று வந்து விளக்கலாம்.

பத்திரமோ தீர்ப்பு நகலோ வந்திருந்தால் மட்டும் பெட்டியில் போட வேண்டாம்; வியாழனுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்களால் ஆனதைப் படித்துச் சொல்லி, வக்கீலிடம் போக வேண்டியதானால் உடன் வருகிறோம்.